கணக்கையும் கலீசியத்தில் நடத்த விடுங்கள்: கலீசியச் சட்டமன்ற உறுப்பினர்கள் 75 பேருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

1983ஆம் ஆண்டின் மொழி இயல்பாக்கச் சட்டத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கக் கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். "பள்ளிக் கல்வியின் எந்த வகுப்பிலும் எந்தப் பாடத்தையும் கலீசியத்தில் கற்பிக்கத் தடை விதிக்கலாகாது." வாக்கியம் இவ்வளவுதான். சட்டத்தின் 14ஆம் பிரிவில் இது ஏறிவிட்டால், கணக்கு, தொழில்நுட்பம், இயற்பியல், வேதியியல் பாடங்களை ஸ்பானிஷில்தான் நடத்த வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் 79ஆம் எண் அரசாணையில் இருக்கும் வரிகள் செல்லாமல் போகும். ஆணையைத் திரும்பப் பெறுவது ஷுன்தா எனப்படும் உங்கள் அரசின் வேலை. ஆணைக்கு மேலான சட்டத்தை எழுதுவது உங்கள் வேலை. அதனால்தான் மடல் கல்வி அமைச்சருக்குப் போகாமல் உங்களிடம் வருகிறது.

எழுதுகிறவர்கள் ஐபீரிய மொழிகளைக் கற்பிக்கும், மொழிபெயர்க்கும், அவற்றின் ஒலியியலைப் படிக்கும் தமிழர்கள். இதன் கலீசியப் படி தனியே உங்கள் கைக்கு வரும். இந்தத் தமிழ்ப் படி, பயிற்றுமொழி என்ற சொல் காதில் விழுந்தாலே நின்று கேட்கும் எங்கள் வாசகர்களுக்கு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே, அ கொருன்யா, லூகோ, ஔரென்ஸே, பொன்தெவெத்ரா என்ற நான்கு மாகாணங்கள் சேர்ந்தது கலீசியா. மக்கள் தொகை ஏறத்தாழ 27 லட்சம். அதன் மொழி போர்ச்சுகீசியத்தோடு ஒரே வயிற்றில் பிறந்தது. 13ஆம் நூற்றாண்டில் காஸ்திலிய அரசர் பத்தாம் அல்போன்சோவே கன்னி மரியைப் பாட இந்த மொழியைத்தான் எடுத்துக்கொண்டார். பிறகு அரசும் திருச்சபையும் நீதிமன்றமும் ஸ்பானிஷுக்கு மாற, எழுத்தில் இல்லாமல் வாயில் மட்டுமே உயிர் வாழ்ந்த மூன்று நூற்றாண்டுகளைக் கலீசியர்கள் இருண்ட நூற்றாண்டுகள் என்கிறார்கள். 1863இல் ரொசாலியா தே காஸ்த்ரோவின் கவிதைத் தொகுப்போடு எழுத்து மீண்டும் தழைத்தது. அந்த நினைவில்தான் 1963 முதல் மே 17 கலீசிய இலக்கிய நாள். 1906இல் எழுந்த கலீசிய அகாதெமிக்கு முதல் கைகொடுத்தவர்கள் ஹவானாவில் பிழைக்கப்போன கலீசியர்கள் என்பதையும் எங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் ஊர்மொழிக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

இனி உங்களுக்கு.

1981ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சாசனம், கலீசியத்தைக் கலீசியாவின் சொந்த மொழி என்கிறது. இரண்டு ஆண்டு கழித்து வந்த மொழி இயல்பாக்கச் சட்டம் பள்ளி பற்றி இரண்டு வாக்குறுதிகளைக் கொடுத்தது. 13ஆம் பிரிவு: குழந்தைக்குத் தன் முதல் கல்வியைத் தாய்மொழியில் பெறும் உரிமை உண்டு, மொழியைக் காரணம் காட்டிக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரிக்கக் கூடாது. 14ஆம் பிரிவு: கலீசியம் கட்டாயமாக இருக்கும் கல்வி முடியும்போது, மாணவருக்குப் பேச்சிலும் எழுத்திலும் ஸ்பானிஷுக்குச் சமமான அளவில் கலீசியம் தெரிந்திருப்பதைக் கல்வி அதிகாரிகள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. முயற்சி செய்யலாம் என்று இல்லை.

கலீசியப் புள்ளியியல் நிறுவனம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் மொழிக் கணக்கெடுப்பு அந்த வாக்குறுதிகளின் நிலையைக் காட்டுகிறது. 2003இல் பத்துக்கு ஆறு பேர் எப்போதுமோ பெரும்பாலுமோ கலீசியம் பேசினார்கள். 2023இல் அது பாதிக்குக் கீழே இறங்கி, முதல் முறையாக ஸ்பானிஷ் முந்திவிட்டது. 5 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எப்போதும் ஸ்பானிஷ் மட்டுமே பேசுகிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குக் கலீசியம் கொஞ்சம்தான் பேச வரும், அல்லது பேசவே வராது. இவர்கள் அத்தனை பேரும் உங்கள் பள்ளிகளில் கலீசியப் பாடம் படித்தவர்கள், படிக்கிறவர்கள். அப்படியானால் 14ஆம் பிரிவு நிறைவேறவில்லை. இதில் கட்சிக்குக் கட்சி மாறும் கருத்துக்கு இடமில்லை.

2010 ஆணை என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். மூன்று முதல் ஆறு வயது வரையிலான பாலர் வகுப்பில், அந்த வகுப்புக் குழந்தைகளில் பெரும்பான்மையோரின் தாய்மொழியில் ஆசிரியர் பேச வேண்டும். தொடக்கப் பள்ளியில் சூழலியல் பாடம் கலீசியத்தில், கணக்கு ஸ்பானிஷில். இடைநிலைப் பள்ளியில் வரலாறு, புவியியல், உயிரியல் கலீசியத்தில். கணக்கு, தொழில்நுட்பம், இயற்பியல், வேதியியல் ஸ்பானிஷில். பாட நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அயல்மொழிக்குப் போகலாம். மிச்சத்தை இரண்டு மொழிகளும் சமமாகப் பங்கிட வேண்டும். இதற்கு முன்பிருந்த 2007ஆம் ஆண்டின் 124ஆம் எண் ஆணை, குறைந்தது பாதி நேரம் கலீசியத்துக்கு என்றது. கணக்கும் அதில் சேரும்.

சமமாகத்தானே பங்கிட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். பாதகம் இங்கே இருக்கிறது: எந்தப் பாடம் எந்த மொழிக்கு என்று ஆணையே பெயர் சொல்லிப் பூட்டிவிட்டது. சாவுக் கடற்கரை என்று பொருள்படும் கோஸ்தா த மோர்த்தே பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கலீசியம். ஆசிரியைக்கும் அதுதான். தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவரே பெரும்பாலான பாடங்களை நடத்துவதால், சூழலியல் பாடத்தில் கடலையும் ஆற்றையும் பற்றிக் கலீசியத்தில் பேசி முடித்த அதே ஆசிரியை, மணி அடித்ததும் அதே கரும்பலகைக்கு முன்னால் நின்று ஸ்பானிஷுக்கு மாற வேண்டும். பிள்ளைகள் கேள்வியைக் கலீசியத்தில் கேட்கிறார்கள், விடை ஸ்பானிஷில் வருகிறது, புத்தகமும் ஸ்பானிஷ். ஆறு வயதில் தொடங்கிப் பதினாறு வரை இது தினமும் நடக்கிறது. எந்த மொழியில் எண்ணலாம், எந்த மொழியில் எண்ணக் கூடாது என்பதைப் பத்து ஆண்டு அந்தப் பிள்ளைக்குப் பழக்குகிறது பள்ளி.

விளைவு காதிலேயே கேட்கும். வாழ்நாள் முழுக்கக் கலீசியம் பேசும் ஆள் விலை, தேதி, தொலைபேசி எண் என்று வந்ததும் ஸ்பானிஷுக்குத் தாவுகிறார், சொல்லி முடித்ததும் திரும்பி வருகிறார். ஸ்பானிஷ் மட்டுமே பள்ளியில் இருந்த காலத்துப் பெரியவர்களிடம் இது வேரூன்றிய பழக்கம். எண்ணிக்கையில் கலீசியத்துக்கென்று தனி இலக்கணமும் இருக்கிறது. ஸ்பானிஷில் இரண்டு என்பதற்கு ஒரே சொல், தோஸ். கலீசியத்தில் ஆண்பால் பெயருக்கு முன்னால் தோவ்ஸ், பெண்பால் பெயருக்கு முன்னால் தூஅஸ். இரண்டு புத்தகம் என்றால் ஒன்று, இரண்டு ஆப்பிள் என்றால் மற்றொன்று. இந்த வேறுபாடு நாக்கில் படியும் இடம் இலக்கண வகுப்பு ஆகாது. தினம் முப்பது தடவை இரண்டு ஆப்பிள், இரண்டு புத்தகம், இரண்டு பெட்டி என்று சொல்லவைக்கும் கணக்கு வகுப்புதான். அதைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் பால் பிசகுகிறார்கள் என்று மொழியாசிரியர் சிவப்பு மையில் திருத்துவதில் பயனில்லை.

பாலர் வகுப்பு இதைவிடக் கவலை தருகிறது, ஏனென்றால் அங்கே இழப்பு இன்னும் வேகமானது. வீகோ, அ கொருன்யா, ஃபெரோல் போன்ற நகரங்களில் இருபது குழந்தைகள் உள்ள வகுப்பில் பதினேழு பேர் வீட்டில் ஸ்பானிஷ், மூன்று பேர் வீட்டில் கலீசியம் என்று வைத்துக்கொள்வோம். ஆணைப்படி ஆசிரியர் பேச வேண்டியது ஸ்பானிஷ். அப்போது அந்த மூன்று குழந்தைகளுக்கும் 13ஆம் பிரிவு கொடுத்த உரிமை எங்கே போனது? சட்டம் உரிமையை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கிறது; ஆணை அதைப் பெரும்பான்மைக்கு மாற்றி எழுதியிருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை தன் வீட்டு மொழியை ஆசிரியரோ தோழர்களோ பேசவில்லை என்று கண்டுகொண்டால், முதலில் பள்ளியில் விடும். பிறகு வீட்டிலும் அண்ணன் தம்பிகளோடு விடும். கடைசியாகப் பெற்றோர் கலீசியத்தில் கேட்பதற்கு ஸ்பானிஷில் பதில் சொல்லத் தொடங்கும். முதல் பருவத்திலேயே இது தொடங்கிவிடுவதைக் கலீசியக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. தாய்மொழியை மூன்று வயது வரை மட்டும் காக்க முடிந்த பெற்றோரின் துயரம் சாதாரணமானதல்ல. 2011இல் கலீசியத் தலைநகர் சந்தியாகோவில் தொடங்கிய செமென்தே போன்ற, பெற்றோர் தாமே கூடி நடத்தும் கலீசியப் பள்ளிகள் அந்தத் துயரத்திலிருந்துதான் எழுந்தன. அவர்கள் உழைப்பை வணங்குகிறோம். ஆனால் சட்டம் கொடுத்த உரிமைக்குப் பெற்றோர் தனியே கட்டணம் கட்ட நேரக் கூடாது.

சரிசெய்வது எப்படி? ஊருக்குள் கலீசியம் குறைவாகக் கேட்கும் இடத்தில் பள்ளிக்குள் அது கூடுதலாகக் கேட்க வேண்டும். இதுவே அடிப்படைக் கணக்கு. நகரத்துப் பாலர் வகுப்பில் பொறுப்பாசிரியரின் மொழி கலீசியமாக இருக்கட்டும். குழந்தைகள் எந்த மொழியில் பேசினாலும் கண்டிக்காமல், அவர்கள் சொன்னதையே கலீசியத்தில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடர வேண்டும். ஸ்பானிஷ் எழுத்தும் ஓசையும் பழக வாரத்தில் குறித்த நேரத்தில் வேறோர் ஆசிரியர் வரலாம். ஆள் மாறினால் மொழி மாறும் என்பது மூன்று வயதுக்குப் புரியும். ஒரே ஆள் வேளைக்கு வேளை மாறுவதுதான் குழப்பும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலை வட்டத்தில் உட்கார்ந்து நாள், கிழமை, வானிலை சொல்வது கலீசியத்தில் அழகாக நடக்கும். பாட்டும் கலீசியத்தில் இருக்கும். ஒரு குழந்தை விழுந்து அழுதாலோ இன்னொன்றை அடித்தாலோ ஆசிரியர் சட்டென்று ஸ்பானிஷுக்குப் போய்விடுவார், ஆறுதலும் கண்டிப்பும் அதில் வரும். குழந்தைகள் இதைக் கவனிக்காமல் விடுவதில்லை. பாட்டுக்கு ஒரு மொழி, நிஜமான காரியத்துக்கு வேறு மொழி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனவே கை கழுவுதல், வரிசையில் நிற்றல், தின்பண்டம், சண்டை தீர்த்தல், மேலங்கி மாட்டுதல் எல்லாம் கலீசியத்தில் நடந்தால்தான் வகுப்பு கலீசியத்தில் நடந்ததாக அர்த்தம். மதிய உணவுக்கூடமும் அப்படியே. அங்கே மேற்பார்வை செய்பவர்கள் ஒப்பந்த நிறுவனத்து ஆட்களாக இருந்தால் ஒப்பந்தத்திலேயே மொழிக் கூறு ஒன்றை எழுத வேண்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று, நெருங்கிய மொழிகளுக்கே உரிய சிக்கல். ஸ்பானிஷ் பேசும் குழந்தைக்குக் கலீசியம் சில வாரங்களில் புரியத் தொடங்கிவிடும். ஸ்பெயினின் வடக்கே பேசப்படும், ஸ்பானிஷோடு உறவில்லாத பாஸ்க் மொழியில் இப்படி நடக்காது. அங்கே புரிவதற்கே பாடுபட வேண்டும், பாடுபட்டவர் பேசியும் விடுவார். இங்கே எல்லாம் புரிவதால் வாய் திறக்கும் கட்டாயமே வருவதில்லை. பன்னிரண்டு ஆண்டு படித்தும் பேச வராத பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். ஆகவே புரிகிறதா என்று சோதிப்பது போதாது. பேச வேண்டிய வேலையைக் கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்புக்கு வாய்ச்செய்தி எடுத்துப் போவது, கலீசியம் மட்டுமே தெரிந்த பொம்மைக்கு வழி சொல்வது, பெரிய வகுப்பில் ஒரு கணக்கை எப்படிப் போட்டோம் என்று உரக்க விளக்குவது. கடைசியாகச் சொன்னதற்கு இன்றைய ஆணை தடை.

ஆசிரியர்களின் நாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெருவிலும் வீட்டிலும் கலீசியம் கேட்காத பிள்ளைக்கு ஆசிரியரின் உச்சரிப்புத்தான் ஒரே மாதிரி. அழுத்தம் பெறும் இடத்தில் கலீசியத்துக்கு ஏழு உயிர்கள், ஸ்பானிஷுக்கு ஐந்து. எ, ஒ இரண்டிலும் வாய் குவிந்ததும் அகன்றதுமாக இரு வகை. ஓஸொ என்பதில் ஒகரம் அகன்றால் எலும்பு, குவிந்தால் கரடி. 'ஒரு' என்பதன் பெண்பால் வடிவத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வருவது எங்கள் ங, 'அங்ஙனம்' என்று சொல்லும்போது எழும் மூக்கொலி. ஸ்பானிஷ் வழி வந்தவர்கள் அதை 'உன'வாக்கிவிடுகிறார்கள். 'உன்னை'க்கும் 'உனக்கு'க்கும் ஸ்பானிஷில் ஒரே உருபு, தெ. கலீசியத்தில் தமிழைப் போலவே இரண்டு: 'உன்னை விரும்புகிறேன்' என்றால் தெ, 'உனக்குத் தருகிறேன்' என்றால் ச்செ. புதிதாகப் பேசுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தெ போடுகிறார்கள், அல்லது பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ச்செ. 'எனக்குச் சொன்னார்' போன்ற நேர் வாக்கியத்தில் 'எனக்கு' வினைக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். எதிர்மறையிலும் துணை வாக்கியத்திலும் முன்னால் வரும். முன்னால் போட்டே வாக்கியத்தைத் தொடங்குவது ஸ்பானிஷ் வார்ப்பு.

இவற்றைக் காரணம் காட்டிப் புதிதாகப் பேச வருகிறவர்களை நகைப்பது கொடுமை. நியோஃபாலன்தே என்று கலீசியாவில் அழைக்கப்படும் அவர்கள் மொழிக்குக் கிடைத்த வரம். குறை பயிற்சியில் இருக்கிறது. பணியில் சேர ஆசிரியர் காட்டும் செல்கா 4 என்ற கலீசிய மொழித்திறன் சான்றிதழில் வாய்த்தேர்வும் உண்டு. ஆனால் ஏழு உயிரையும் ங ஒலியையும் சீராகப் பிரித்துக் கேட்க, பிரித்துச் சொல்லப் பழக்க, தனியாக ஒலிப்பயிற்சி தேவை. காது பழகும் வரை நாக்கு பழகாது என்பதால், சொல்லவைக்கும் முன் எலும்பு, கரடி போன்ற இணைகளைக் கேட்டு அடையாளம் சொல்லும் பயிற்சியைக் கொடுங்கள். ஒலிப்பதிவுகளுக்குப் பஞ்சமில்லை: 1971 முதல் இயங்கும் கலீசிய மொழி நிறுவனத்தின் தொகுப்புகள் இருக்கின்றன; உங்கள் அரசின் பணத்திலேயே சந்தியாகோ பல்கலைக்கழகம் நடத்தும் நோஸ் திட்டம் கலீசியக் குரல் தொழில்நுட்பத்தை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. பள்ளிக் கணினிகளில் அவற்றை ஏற்றுவதுதான் பாக்கி.

மேற்குக் கலீசியாவில் 'க'வை 'ஹ' போல ஒலிக்கும் கெயாதா என்ற வழக்கு பரவலாக உண்டு. அதை வகுப்பில் திருத்துகிற ஆசிரியர் பிள்ளையின் பாட்டியைத் திருத்துகிறார். எழுத்தில் பொது வழக்கு, பேச்சில் ஊர் வழக்கு என்று விட்டுவிட வேண்டும். திருத்தப்பட்ட பிள்ளை 'நல்ல' கலீசியத்துக்கு மாறுவதில்லை, ஸ்பானிஷுக்கு மாறிவிடுகிறது.

புத்தகங்கள் விஷயத்தில் தயக்கம் வேண்டாம். கலீசியக் கணக்குப் புத்தகங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் ஆணை. அவை ஆணைக்குக் காரணமல்ல. மின்பாடங்களுக்கான எ-திஷ்கல் திட்டத்தில் வாங்குபவர் அரசே. உரிமம் வாங்கும்போது கணக்கும் இயற்பியலும் கலீசியத்திலும் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பதிப்பகங்கள் தரும். அது வரும் வரை கலைச்சொல்லில் தடுமாற்றம் வராமல் இருக்க, அகாதெமி ஏற்கெனவே தந்திருக்கும் சொற்களை வகுப்புவாரியாகப் பிரித்துச் சிறு பட்டியலாக ஆசிரியர்களுக்குக் கொடுத்தால் போதும்.

உங்களில் சிலர் எழுப்பும் ஆட்சேபங்கள் எங்களுக்குத் தெரியும். ஸ்பானிஷ் கெட்டுவிடும் என்பது முதலாவது. தொலைக்காட்சி, கைபேசி, கடைத்தெரு, தோழமை எல்லாவற்றிலும் ஸ்பானிஷில் வாழும் பிள்ளைக்கு அது கெட வழியே இல்லை. ஸ்பானிஷும் நியாயமான அளவுக்குப் பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்ற அரசமைப்பு நீதிமன்றத்தின் நிலையையும் நாங்கள் கேட்கும் வாக்கியம் தொடவில்லை. அது தடையை நீக்குகிறதே தவிர, புதிய தடை எதையும் போடவில்லை. பெற்றோரின் சுதந்திரம் என்பது இரண்டாவது. கலீசியத்தில் கணக்குப் படிக்க விரும்பும் குடும்பத்துக்கு இன்று எந்தச் சுதந்திரமும் இல்லை. அவர்கள் ஊர் முழுவதும் கேட்டாலும் அரசுப் பள்ளி மறுத்தாக வேண்டும். வெனிசுவேலாவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் குடிவருகிற, அல்லது திரும்பி வருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்பது மூன்றாவது. நடு வகுப்பில் வந்து சேர்பவர்களுக்கு முதல் சில மாதங்கள் துணை வகுப்பு தேவைதான். ஸ்பானிஷ் தெரிந்த பிள்ளைக்குக் கலீசியம் பிடிபடுவதைவிட எளிதான மொழி மாற்றம் உலகில் அதிகம் இல்லை.

2001இல் ஸ்பெயின் ஏற்றுக்கொண்ட பிரதேச, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் நிபுணர் குழுவும், சில பாடங்களில் கலீசியத்தைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டை நீக்கும்படி சொல்லியிருக்கிறது. உங்கள் அவைக்கும் இது புதிதல்ல. 2004இல் மொழி இயல்பாக்கப் பொதுத்திட்டத்தை எல்லாக் கட்சியும் ஒருமனதாக நிறைவேற்றியது இதே அவை. போர்ச்சுகீசிய உலகத்தோடு உறவை வளர்க்கும் 2014ஆம் ஆண்டின் சட்டத்தையும், மக்கள் கையெழுத்திட்டுக் கொண்டுவந்ததை, ஒருமனதாக ஏற்றது இதே அவை. 40 இடம் உள்ள கட்சியும் 25 இடம் உள்ள கட்சியும் 9 இடம் உள்ள கட்சியும் ஒற்றை உறுப்பினரும் ஒரே பக்கம் கைதூக்க இந்த ஒரு வாக்கியம் போதுமான அளவு சிறியது.

நாள்கணக்கும் முக்கியம். அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை விண்ணப்பங்களைப் பள்ளிகள் மார்ச்சில் வாங்குகின்றன. திருத்தம் இலையுதிர்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறி, ஆண்டு முடிவதற்குள் அரசிதழில் வந்தால், குழந்தையின் வீட்டு மொழி எது, முதல் கல்வி எந்த மொழியில் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் அந்த விண்ணப்பத்திலேயே அச்சிட்டுவிடலாம். பள்ளிகள் தங்கள் மொழித் திட்டத்தைக் கோடைக்குள் திருத்தி எழுதவும், எந்தக் கணக்காசிரியர் கலீசியத்தில் நடத்த முன்வருகிறார் என்று கேட்டு வைக்கவும், ஒலிப்பயிற்சியை ஜூலையில் நடத்தவும் நேரம் இருக்கும். தொடக்கப் பள்ளி முடிவிலும் இடைநிலை முடிவிலும், பள்ளிக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பத்து நிமிடம் பேசவைத்து அளக்கும் வாய்த்தேர்வை 14ஆம் பிரிவின்கீழ் அதே திருத்தத்தில் சேருங்கள். முடிவுகளை ஒவ்வோர் ஆண்டும் பள்ளிவாரியாக அவையின் முன் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த புள்ளியியல் கணக்கெடுப்பு வரும்போது இப்போது மூன்று வயதில் இருக்கும் குழந்தைகளும் பள்ளிப் பிள்ளைகளாகியிருப்பார்கள்.

அன்போடும் உரிமையோடும்,
ஐபீரிய மொழிகளின் தமிழ் ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்